ஒன்று புள்ளி ஒன்று

ஞாயிற்றுக்கிழமை மாலை 4.40க்கு அவளைக் கண்டெடுத்தார்கள்.

மலை உச்சிக்கு நூறடி கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, மழையில் நனைந்து கிடந்தாள். இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. வலது கையில் வாக்கி டாக்கி. உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், எதிரில் நிற்பது கணவன் என்று தெரிந்ததும் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

கணவனுக்கு முப்பத்தொரு வயது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. ஆலைகளிலிருந்து தராசும் அழுத்தமானியும் மின்மானியும் அவன் மேசைக்கு வரும். பொய் சொல்லும் கருவியைப் பிடித்து அதன் நெற்றியில் சிவப்புச் சீட்டு ஒட்டுவான். அதனால் மனைவி அவனுக்கு வைத்த பெயர் மீட்டர். அவளுடைய ரேடியோ சங்கத்திலும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அவள் நூலகர். சங்கத்தில் லைப்ரரியம்மா. உரிமம் வாங்கிக்கொண்டு, பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் பதினைந்து பேர் கொண்ட சங்கம் அது. மலை ஓட்டப் போட்டி நடக்கும்போது தகவல் தொடர்பு அவர்கள் பொறுப்பு. ஓட்டம் தொடங்கும் இடத்திலும் பாலத்திலும் கைபேசி எடுக்கும். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உச்சியில் எடுக்காது. அங்கே ரேடியோதான். அங்கே அவள்தான்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை.

காலை 10.15. சங்கத் தலைவரான பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு அறிக்கையைப் படித்துக் காட்டினார். ஐந்து மணிக்குக் கூட்டம். தகவல் மையமான சங்க அறையில் ரேடியோவின் முன் உட்கார்ந்திருந்த டெய்லர், மதியம் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை கண்ணயர்ந்துவிட்டார் என்று அறிக்கை சொன்னது. டெய்லர் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாராம்.

“அவரே ஒத்துக்கிட்டாரா?”

“ஒத்துக்காம? அவரைத் தவிர மிச்சம் எல்லாம் சரியாத்தானேப்பா இருந்துச்சு.”

மீட்டர் மேசையைப் பார்த்தான். போலீஸார் திருப்பிக் கொடுத்த பொருள்கள் அங்கேதான் இருந்தன. அவளுடைய வாக்கி டாக்கியை முதல் வாரமே ஆய்வகத்தில் வைத்துச் சோதித்திருந்தான். பாட்டரி தீர்ந்திருந்தது. புதுப் பாட்டரி போட்டதும் ஒழுங்காக வேலை செய்தது. சக்தி சரி, அலைவரிசை சரி. ஒலிக் குமிழ் கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது. அதையும் ஒரு தாளில் குறித்து வைத்தான். எதற்கு என்று தெரியாது. கண்ணில் பட்டதை எழுதுவது பழக்கம்.

பிளாஸ்டிக் உறைக்குள் அவளுடைய குறிப்பேடு. நனையவில்லை.

11.05க்கு உச்சியிலிருந்து முதல் அழைப்பு. மையம் பதில் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை அதே வரி. அவள் அழைக்கவே இல்லை என்று மையத்தில் நினைத்தார்கள். திரும்பி வந்த ஓட்டக்காரர்கள், உச்சியில் அந்த அம்மா கைதட்டி உற்சாகப்படுத்துகிறார் என்றார்கள். பாட்டரியைச் சார்ஜ் போட மறந்திருப்பாள், புத்தகத்தை மட்டும் மறந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சிரித்தாராம். யாருக்கும் கவலை இல்லை. கடைசி ஓட்டக்காரர் 12.50க்கு உச்சியைக் கடந்தார்.

1.24. விழுந்துவிட்டேன். கால். பதில் இல்லை.

அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. பாட்டரியை மிச்சம் பிடிக்க அவள் கணக்கிட்ட இடைவெளி. விழுந்ததைச் சேர்த்துப் பதினோரு வரிகள். வரிக்கு வரி எழுத்து சரிந்துகொண்டே போனது. கடைசி வரி 3.04. பதில் இல்லை.

அவன் ஆய்வகத்தின் அளவுக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

காலை 11.30. மூன்று மாடிக் கட்டடம். கீழே டாக்டரின் பல் மருத்துவமனை, மேலே மூன்றாவது மாடியில் சங்க அறை, அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஆன்டெனா. கிருமிநாசினி வாசனை படிக்கட்டில் அவன் கூடவே ஏறி வந்தது.

டாக்டர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். டெய்லரின் எழுத்து, தையல் போட்ட மாதிரி சீராக இருந்தது. காலை முழுக்கத் தொடக்க இடமும் பாலமும் பேசியிருந்தன. பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனாலும் அதன் பக்கத்தில் ‘கரகரப்பு, மெலிவு’ என்றே இருந்தது. 1.40, 2.10, 2.45 எல்லாம் அப்படியே. 3.14க்கு ஒரு புது வரி. ‘யாரோ பேசும் பட்டனை அழுத்துகிறார்கள். பேச்சு இல்லை.’ 3.20 பாலம், தெளிவு. 3.24 பட்டன். 3.34 பட்டன், இருமுறை. 3.36க்கு டாக்டருக்குத் தொலைபேசி. 3.44 பட்டன். அதன்பின் இல்லை.

“நடுவுல இருக்கற நேரத்தை எல்லாம் முழிச்சதுக்கப்புறம் எழுதியிருப்பார்” என்றார் டாக்டர். “மூணு பதினாலுக்குக் கேட்ட காதுக்கு மூணு நாலுக்கு ஏன் கேக்கல? அதே ரேடியோ, அதே ஆன்டெனா. மாறினது ஒன்னே ஒன்னுதான். ஆள் முழிச்சுக்கிட்டார்.”

கேள்வி சரியானது. மூன்று வாரமாக மீட்டரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆன்டெனா போட்டது முந்தைய நாள், சனிக்கிழமை. சங்கம் பேசும் இரண்டு அலைவரிசைக்கும் பொதுவானது. அதைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒரு மீட்டர் குச்சி போதாது, மலையை எட்டாது. ஐந்து மீட்டர் நீளம் நன்றாக எட்டும், பலத்த காற்றில் ஒடிந்து விழும். நடுவில் ஒன்று, இரண்டு துண்டாக வருவது, சேர்த்தால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய கேபிள் பாதிச் சக்தியை வழியிலேயே தின்றுவிடும் என்று கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கேபிள். சாப்பாட்டு மேசையில் அட்டவணைகள் பரந்து கிடக்கும். அவளுடைய அண்ணன் வந்து பார்த்து, இவ்வளவு ஆராய்ச்சி பண்ணி வாங்குறியே, துணி காயப்போடவும் ஆகுமான்னு கேட்டுக்கோ என்பார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் கவனிப்புதான். ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றியதும் அவர்தான், தனியாக.

“நிறுத்தினதும் அளந்தீங்களா?” என்று டாக்டரைக் கேட்டான்.

“பின்ன? நானே அளந்தேன். பாரு.”

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டரின் எழுத்து. ரேடியோ மேலே அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது. ஒன்று என்றால் துளிகூடத் திரும்பவில்லை. ஒன்றரை வரை நல்லது. இரண்டைத் தாண்டினால் எங்கோ கோளாறு. இரண்டு அலைவரிசையிலும், அதன் கீழ்முனை, நடு, மேல்முனை என்று ஆறு இடத்தில் அளந்திருந்தார். ஆறிலும் 1.1.

மீட்டர் தன் கருவியை மாட்டி அதே ஆறு இடத்தில் அளந்தான். 1.2, 1.1, 1.5. அடுத்த அலைவரிசையில் 1.3, 1.6, 1.8.

“அடடா, மழைத் தண்ணி இறங்கிடுச்சு போல” என்றார் டாக்டர். “போட்டன்னைக்கு எப்படி இருந்துச்சு பாரு.”

அவன் ஆறு எண்களையும் எழுதிக்கொண்டான். எதிர்ச்சுவரில் துளைப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தக் கருவியின் உருவம் வரைந்திருக்கும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காத ஆண்களுக்காக அவள் வரைந்தது. குறடு, திருப்புளி, சாலிடர் துப்பாக்கி. கடைசி ஆணியில் டம்மி லோடு. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குழல். ரேடியோவைச் சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது. வருகிற சக்தி முழுவதையும் விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும், வெளியே விடாது.

அதை எடுத்தான். கழுத்துப் பகுதி விரலில் ஒட்டியது. கறுப்புப் பிசின்.

திருப்பி மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டான்.

மதியம் 12.40. டெய்லர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. டெய்லருக்கு ஒரு கால் சிறுவயதிலேயே சூம்பிப்போனது. ஏணியும் படியும் அவருக்கு ஆகாது. லிஃப்ட் இருப்பதால்தான் சங்கத்துக்கே வந்து போக முடிகிறது. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கக்கூடியவர் என்பதால் மையம் எப்போதும் அவர் பொறுப்பு.

“உட்காருங்க தம்பி” என்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“தூங்கினீங்களா?”

“தூங்கலைன்னுதான் நினைச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, தூங்கியிருப்பேனோன்னு எனக்கே தோணுது. ரெண்டு நாளா ராத்திரி படுத்தா, அன்னைக்குக் கண்ணு சொக்கின மாதிரியே ஞாபகம் வருது. பொய் ஞாபகமா நிஜமான்னு தெரியல.”

“பாலத்துல இருந்து பேசினது எப்ப தெளிவாச்சு?”

“மூணே காலுக்கு மேல. திடீர்னு பக்கத்துல நின்னு பேசற மாதிரி. மழை வந்ததும் காத்து சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“டாக்டருக்கு போன் பண்ணீங்க. அவர் எங்க இருந்தார்?”

“மேடையில. பரிசு கொடுத்துட்டிருந்தார். மைக் சத்தம் போன்லயே கேட்டுச்சு.”

“முதல்ல யார் வந்தாங்க?”

“உங்க மச்சான்தான். போனை வச்சுட்டு, யாராவது இருக்கீங்களான்னு கத்தினேன். ரெண்டு நிமிஷம் இருக்காது, வந்துட்டார். தொப்பலா நனைஞ்சிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போச்சு. உடனே வண்டியை எடுத்துட்டு மலைக்குப் போனது அவர்தானே.”

அன்று முழுக்க நகரத்தின் மறுகோடியில் லிஃப்ட் வேலையில் இருந்ததாக மச்சான் சொல்லியிருந்தார். அங்கிருந்து வர நாற்பது நிமிடம்.

மீட்டர் எழுந்தான். டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பட்டன் சத்தம் வந்தப்போ நான், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னவென்று கேட்கவில்லை.

“அஞ்சு மணி வரைக்கும் எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க” என்றான்.

மாலை 4.05. மொட்டை மாடி. வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் மோட்டார் அறை, நடுவே மடக்குக் கம்பம். அதன் உச்சியில் வெள்ளைக் குச்சி, வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது.

மச்சான் மோட்டார் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். மூன்று வாரத் தாடி. தங்கையை மலையிலிருந்து தோளில் தூக்கி இறக்கியவர். அன்றிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்ததில்லை. இருவருக்கும் ஒரே துக்கம் என்றுதான் மீட்டர் நினைத்திருந்தான்.

“கம்பத்தை இறக்கணுமா மாப்ள?”

“வேண்டாம் மச்சான். மாடிச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட ஒன்னு. டாக்டர்கிட்ட ஒன்னு. ஏன்?”

மீட்டர் பையிலிருந்து டம்மி லோடை எடுத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தான். மச்சான் அதைப் பார்த்தார். பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை.

மீட்டர் ஆய்வகத்தில் அறிக்கை படிப்பது போலவே பேசினான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“எந்த ஆன்டெனாவும் ஆறு இடத்துலயும் ஒன்னு புள்ளி ஒன்னு காட்டாது மச்சான். ஒரு இடத்துல நல்லா இருந்தா இன்னொரு இடத்துல கொஞ்சம் ஏறும். இன்னைக்கு அளந்தேன், ஏறி இறங்குது. இதுதான் நிஜ ஆன்டெனா. சனிக்கிழமை டாக்டர் அளந்தது ஆன்டெனாவே இல்ல. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி காட்டுற பொருள் அந்த அறையில ஒன்னுதான் இருக்கு.”

மச்சான் கையை நீட்டி, அதைத் தொடாமலே இழுத்துக்கொண்டார்.

“இந்த மாடல்ல அடிக்குழாய்க்குள்ள கேபிளை நுழைச்சு, உள்ளே இணைச்சு, அப்புறம் குழாயை மேல தள்ளி மூடணும். மூடிட்டா உள்ளே கேபிள் எதோட சேர்ந்திருக்குன்னு வெளியில தெரியாது. ஆன்டெனாவோட சேர்க்காம இதோட சேர்த்திருக்கு. பக்கத்துல இருந்து பேசினா இதுக்கும் கொஞ்சம் காது கேக்கும். அதான் பாலம் கரகரன்னு கேட்டுச்சு. மலை கேக்கல. டெய்லர் தூங்கல.”

“நான்தான்னு எப்படி...”

“கழுத்தைத் தொட்டுப் பாருங்க. மழைக்குச் சுத்துற ரப்பர் டேப்போட பிசின். சுவர்ல தொங்குற சாமானுக்கு யார் டேப் சுத்துவா? மாடியில ஒரு இணைப்பு போட்டா, ஒரு நாளைக்கோ ஒரு வருஷத்துக்கோ, டேப் சுத்தாம விட மனசு வராத கை அது. டாக்டர் மூணு முப்பத்தாறு வரைக்கும் மேடையில இருந்தார். டெய்லரால ஏணி ஏற முடியாது. நீங்க ரெண்டு நிமிஷத்துல நனைஞ்சு வந்தீங்க. இந்த மாடியில இருந்து வந்தீங்க.”

மச்சான் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“இந்தத் தொட்டி மேலதான் குச்சியை வச்சேன் மாப்ள. ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன், உருண்டு விழுந்துச்சு. வெளியில ஒரு கீறல் இல்ல. குலுக்கினா உள்ளே கிலுகிலுங்குது. இருபது மாடிக்கு லிஃப்ட் போடறவன். ஒரு குச்சியை நிறுத்தத் தெரியலையான்னு பாப்பா சிரிப்பா. சிரிக்கக்கூட மாட்டா, முகம் வாடிப்போகும். மூணு மாசம் பார்த்துப் பார்த்து வாங்கினது. ஒரே ஒரு நாள்னு நினைச்சேன். மறுநாள் விடியறதுக்குள்ள பஸ் ஏறி, கடைக்காரர் வீட்டுக்கே போய் எழுப்பி, அதே மாதிரி ஒன்னு வாங்கிட்டு வந்தேன். மழையில நின்னு மாத்தினேன். மூணு பத்துக்கு முடிச்சுட்டேன். மழை விடட்டும்னு மோட்டார் ரூம்ல ஒதுங்கி, நிம்மதியா ஒரு பெருமூச்சு விட்டேன் மாப்ள. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.”

“டெய்லர் கையெழுத்துப் போடப் போறார்னு தெரியுமா?”

“தெரியும்.”

“விட்டிருப்பீங்களா?”

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி எவ்வளவு காட்டுதுன்னு அவளே கேட்டா என்றார். ஒன்று புள்ளி ஒன்று என்று சொன்னாராம்.

அந்தத் தொலைபேசி அழைப்பு மீட்டருக்கும் நினைவிருந்தது. அவள் போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். “எல்லா இடத்துலயும் ஒன்னு புள்ளி ஒன்னாம். அவ்வளவு நல்லா இருக்குமா என்ன? திங்கக்கிழமை நானே ஏறிப் பார்க்கணும்” என்றாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நல்லா இருந்தா சந்தோஷப்படு என்றான். அளவுக்கு மீறி நன்றாக இருக்கும் எண்ணைச் சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அன்று காலர் மடிப்பு நேராக விழவில்லை என்பதே அவன் கவலை.

அதை மச்சானிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் பெயரை மட்டும் எழுதி மூடுகிற அறிக்கையில் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது.

“கீழே போகலாம்” என்றான். “நீங்களே சொல்லிடுங்க.”

மாலை 5.00. மச்சான் சொன்னார். நின்றுகொண்டு, எதையும் மறைக்காமல், ஸ்பேனர் எடுக்கத் திரும்பியது உட்பட. டாக்டர் அறிக்கையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். திங்கட்கிழமை போலீஸிலும் இதையே சொல்கிறேன் என்று மச்சான் முடித்தார். டெய்லர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார். மச்சான் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மாலை 5.50. எல்லாரும் போன பின் டெய்லரும் மீட்டரும் மட்டும் இருந்தார்கள். பதிவேடு திறந்து கிடந்தது.

“மத்தியானம் ஏதோ சொல்ல வந்தீங்க.”

டெய்லர் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“சொல்ல வாய் வரல தம்பி. கேட்டும் காப்பாத்த முடியலையே, அதை எப்படி உங்ககிட்ட சொல்றது? டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் எழுதிக்கல.”

“சொல்லுங்க.”

“பட்டன் சத்தம் வந்ததும் யாருன்னு கேட்டேன். பேச்சு இல்ல. யாரா இருந்தாலும் கேக்குது, நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கேன், எழுந்து போக மாட்டேன்னு சொன்னேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி. அப்பவும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை வந்தப்போ மணியைப் பார்த்தேன். பத்து, பத்து. இவ்வளவு கணக்கா யார் அமுக்குவா? லைப்ரரியம்மா, நீங்களா இருந்தா ரெண்டு தடவை அமுக்குங்கன்னேன்.”

பதிவேட்டில் 3.34 என்ற வரியின்மேல் விரலை வைத்தார்.

“ரெண்டு தடவை அமுக்கினாங்க.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகனம் பின்னால் போகும் ஒலி கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அப்புறம்?”

“ஆள் கிளம்பியாச்சு, உங்க அண்ணன்தான் வர்றார்னு சொன்னேன். அவர் வண்டியை எடுத்ததும் அதையே சொன்னேன். நடுவுல நிறுத்தாம என்னென்னவோ பேசிட்டே இருந்தேன். நாப்பத்தி நாலுக்கு ஒரு தடவை அமுக்கினாங்க. அதுக்கப்புறமும் பேசிட்டுத்தான் இருந்தேன். நாலே முக்கால் வரைக்கும்.”

மீட்டர் முதல் வாரத்தில் எழுதிய தாளை நினைத்தான். ஒலிக் குமிழ் கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது.

பையிலிருந்து அவளுடைய குறிப்பேட்டை எடுத்தான். தான் எடுக்காத அளவை எழுதுவது அவன் தொழிலில் குற்றம். அதற்காக ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்கள். டெய்லரின் பென்சிலை வாங்கினான். பதினோராவது வரிக்குக் கீழே, அவள் விட்டுப்போன இடத்தில், அவள் எழுதும் முறையிலேயே எழுதினான்.

3.14. பதில் வந்தது.